பத்து வினாடி

தெய்வசிகாமணி ‘ஸ்டாப்’ அட்டையை வைத்தார்.
பக்கத்தில் நாலு இஸ்பேட்,
சூடான டீ கிளாசை வைப்பதுபோல் மெதுவாக.

பெரம்பூர் இன்ஸ்டிட்யூட் ஹால்.
யாரோ நாற்காலியை இழுக்க
பழைய நடனப் பலகை முனகுகிறது.
இனிப் பத்து வினாடி நான் வாய் திறக்கக் கூடாது.
யோசிக்க ஒன்றுமில்லாதவளும்
யோசிப்பவள் மாதிரி இருக்க வேண்டும்,
நிஜமாக யோசிப்பவள் அதற்குமேல் யோசிக்கக் கூடாது.
என் தயக்கத்தின் நீளத்தை
எதிரே இருக்கும் ரொசாரியோ அளந்துவிடக் கூடாதாம்.
ராயபுரத்தில் மருந்துக்கடை அவருக்கு,
டாக்டர் கிறுக்கலையே படிக்கிற கண்.
இப்போது விசிறியைப் பார்க்கிறார்.

ஒன்று.
ஒற்றை இஸ்பேட், அதுவும் ஏழு.
ஆட்டீனில் ராஜா, ராணி, பத்து, ஆறு.
டைமனில் ஆசும் ஜாக்கியும் இரண்டு சில்லறையும்.
கிளாவரில் ஆசு, ராணி, ஒன்பது, நாலு.
பதினாறு புள்ளி.
கத்தரிக்காய் விலை கேட்பதுபோல்
படிப்படியாகப் பேச வேண்டிய கை.
படிகளை எல்லாம் உருவி எடுத்துவிட்டு
மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுகிறார் மனுஷன்.

இரண்டு, மூன்று.
கொருக்குப்பேட்டை கேட்டோரம் வளர்ந்தவள் நான்.
வண்டி பேசின் பிரிட்ஜில் இருக்கும்போதே
இங்கே கேட் விழுந்துவிடும்.
சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து நுழைகிறவன்,
எஞ்சினை அணைத்துவிட்டுக் கொட்டாவி விடுகிறவன்,
சுற்றிப் போகிறேன் என்று போய்
அங்கேயும் மாட்டிக்கொள்கிற ஆட்டோ.
மூன்றும் நான் செய்திருக்கிறேன்.

நாலு.
அவரிடம் ஏழு இஸ்பேட், எட்டாகவும் இருக்கலாம்,
மிச்சமெல்லாம் குப்பை.
எனக்கு இது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.
அவர்கள் வல்னரபிள் இல்லை, நாங்கள்.
விழுந்தால் அவர்களுக்குச் சிராய்ப்பு,
எங்களுக்கு எலும்பு.

ஐந்து, ஆறு.
பாஸ் சொல்லலாம்.
பதினாறு புள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டு
வீட்டுக்குப் போய் விடிய விடிய விழித்திருக்கலாம்.
நாலு நோ-டிரம்ப் சொல்லலாம்.
அது ஐந்தாம் மாடிக்கு மட்டும் போகிற லிஃப்ட்.
டபுள்.
ஒரு காலத்தில் ‘அடி’ என்று அர்த்தம் அதற்கு.
பிறகு ‘நீ பேசு’ என்றானது.
இந்த உயரத்தில்
என்னிடம் இருக்கிறது,
எங்கே என்று சொல்ல இடமில்லை,
இனி உன் பாடு.

ஏழு.
பதினொரு வருடமாக எதிரெதிரே உட்காருகிறோம்.
அவர் மகள் பெயர் எனக்கு அடிக்கடி மறந்துபோகும்.
துருப்பில் மூன்று சீட்டு வைத்துக்கொண்டு
அவர் எப்படி உதட்டைக் கடிப்பார் என்பது மறக்காது.
அதனால்தான் அவர் உதட்டைப் பார்க்கவில்லை,

எட்டு, ஒன்பது,
வெளியே ஷன்டிங்,
பெட்டி பெட்டியாகப் பரவி அடங்குகிற இடி.

பத்து.
சிவப்பு அட்டை, வெள்ளைப் பெருக்கல் குறி.

நூருல் அமீன் பாஸ்.
ரொசாரியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு
பச்சை அட்டையை எடுத்தார்.

ஒரு பிடி குறைந்தார்கள். எங்களுக்கு நூறு.
அடுத்த அறையில் இதே கைகளோடு
ஐந்து ஆட்டீன் ஆடி
அறுநூற்று ஐம்பது எடுத்திருந்தார்கள்.
ரொசாரியோ சீட்டுகளை விரித்துக் காட்டினார்:
ஆட்டீன் ஐந்து, ஆசோடு.
இஸ்பேட் மூன்று, மேலே ஜாக்கி.
“இந்த ஜாக்கிதான்” என்றார்.
நானும் அதைப் பார்த்துப் பாஸ்தான் சொல்லியிருப்பேன்.
சொல்ல நினைத்தேன்,
அதற்குள் அடுத்த பலகை வந்துவிட்டது.

பத்தரை மணிக்குக் கேட் போட்டிருந்தது.
ஸ்கூட்டரை அணைத்தேன்.
பிரியாணிப் பொட்டலங்களோடு ஒரு பையன்
குனிந்தான், நுழைந்தான், அந்தப் பக்கம் போய்விட்டான்.
அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் கடந்தது.
கடைசிப் பெட்டியின் முதுகில்
ஆள் உயரத்துக்கு மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி.
எல்லோரும் வண்டியை முடுக்கினோம்.
கேட் ஏறவில்லை.
இன்னொன்று வருகிறதாம்.